அரசு அலுவலகக் காகிதமும் அரிமளத்துக் கண்மாயும்



சில மாதங்களுக்கு முன் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு வயதான தாயார் வந்தார். உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரக் கேட்டார். கையில் ஒரு துணிப்பை. பை நிறைய ஜெராக்ஸ் நகல்கள். ஆதார் நகல் மட்டும் ஏழு இருந்தன. "தம்பி, போன தடவை கொடுத்ததைக் காணோம்னு சொல்லிட்டாங்க. திரும்பவும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஜெராக்ஸுக்கே அம்பது ரூபாய் ஆயிருச்சு" என்றார். கூலி வேலைக்குப் போகும் மகளிடம் வாங்கிய ஐம்பது ரூபாய் அது.

அவரை அனுப்பிவிட்டு அந்த நகல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். காகிதம் எங்கிருந்து வருகிறது, யார் காசில் வாங்கப்படுகிறது, கடைசியில் எங்கே போகிறது என்று பேச்சு நீண்டது. அப்போதுதான் "பசுமைக் கொள்முதல்" என்று அரசு வட்டாரத்தில் சொல்லப்படும் விஷயத்தை நம் குடும்பங்களுக்கு எளிமையாக விளக்க வேண்டும் என்று தோன்றியது. அது அதிகாரிகளுக்கு மட்டும் உரிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் அதன் ஒரு முனை நம் ஊர்க் கண்மாயில் இருக்கிறது.

பசுமைக் கொள்முதல் என்றால் என்ன?

அரசுதான் நாட்டிலேயே மிகப் பெரிய வாடிக்கையாளர். காகிதம், மேசை, நாற்காலி, மின்விசிறி, கணினி, குடிநீர், பாடப்புத்தகம் என்று அது வாங்காத பொருள் இல்லை. நாம் கொடுக்கும் வரிதான் அந்தப் பணம். தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி கட்டுகிறார்.

அப்படி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டு வாங்குவதுதான் பசுமைக் கொள்முதல். இந்தப் பொருள் எதிலிருந்து செய்யப்பட்டது? பயன்படுத்தும் காலத்தில் எவ்வளவு மின்சாரம், தண்ணீர் செலவாகும்? பழுதான பிறகு எங்கே போகும்? 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 12ஆவது இலக்கின் கீழ் அரசுக் கொள்முதலும் தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அரசு ஒரு பொருளைக் கேட்டால் தொழிற்சாலைகள் அதைச் செய்யத் தொடங்கும்; பிறகு அது நம் கடைத்தெருவுக்கும் வரும் என்பதே இதன் அடிப்படை.

காகிதம் நம் ஊரிலிருந்தும் போகிறது

அரிமளத்தைத் தாண்டி வெளியே போனால் வரிசை வரிசையாகத் தைல மரங்கள் நிற்பதைப் பார்க்கிறோம். ஆர்.எஸ். பதி மரம் என்றும் சொல்வோம். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் நம் மாவட்டத்தில் பெரிய அளவில் இந்த மரங்களை வளர்த்து வருகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வெட்டப்பட்டு, லாரிகளில் ஏறும் இந்த மரம் காகித ஆலைகளுக்குக் கூழாகப் போகிறது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் துளிர்க்கும், மறுபடியும் வெட்டுவார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களையும் குளங்களையும் நம்பிய பூமி இது. மேட்டுக் காட்டில் பெய்யும் மழை, வரத்து வாய்க்கால் வழியாக இறங்கி வந்து சேர்ந்தால்தான் கண்மாய் நிறையும். தைல மரக் காடுகளில் மழைநீரைத் தேக்க வெட்டும் குழிகளும் போடும் வரப்புகளும் அந்த வரத்தைத் தடுத்துவிடுகின்றன, மரங்களும் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்பது நம் பகுதி விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் குறை. ஒரு காலத்தில் இந்த மேடுகளில் இருந்த வேறு காட்டு மரங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இதையெல்லாம் யார் மீதும் பழி போடச் சொல்லவில்லை. காகிதம் வேண்டும், நம் பிள்ளைகளின் பாடப்புத்தகமும் காகிதம்தான். ஆனால் ஒரு ரீம் ஏ4 தாள் சுமார் 2.3 கிலோ எடை. மரத்திலிருந்து ஒரு கிலோ காகிதம் செய்ய அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் மரம் வேண்டும். ஒரு மேசையில் வீணாகும் பத்து ரீமுக்குப் பின்னால் ஒரு சிப்பம் அரிசி அளவை விட அதிக எடையுள்ள மரம் இருக்கிறது. ஆதார் நகலை ஏழு முறை கேட்கும்போது அந்தத் தாயாரின் ஐம்பது ரூபாயோடு, காட்டு மேட்டில் ஒரு கிளையும் போகிறது.

கரும்புச் சக்கை சொல்லும் பாடம்

அரசு நினைத்தால் வழி உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1979இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிறுவனம் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, சுருக்கமாக டி.என்.பி.எல். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த ஆலையின் முதன்மையான மூலப்பொருள், சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் கரும்புச் சக்கை.

சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்து வந்தன. "சக்கையை எங்களுக்குக் கொடுங்கள், அதற்கு ஈடாக வேறு எரிபொருள் தருகிறோம்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, எரிந்து சாம்பலாக வேண்டியதைத் தாளாக்கியது இந்த நிறுவனம். பிற்பாடு, பழைய காகிதத்தின் மையை நீக்கி மறுபடியும் கூழாக்கும் பிரிவையும் அமைத்தது. நமக்கு அருகே மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் 2016 முதல் அதன் அட்டை ஆலையும் இயங்குகிறது.

சக்கை மட்டுமே போதவில்லை என்பதும் உண்மை. மரக்கூழும் சேர்கிறது, அதில் தைல மரமும் உண்டு. ஆகவே சக்கைக் காகிதம் வாங்கினால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. தாளைக் குறைவாகச் செலவழிப்பது, இரண்டு பக்கமும் அச்சிடுவது, பழைய கோப்புகளைக் கொளுத்தாமல் மறுசுழற்சிக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் கூடவே வேண்டும்.

குறைந்த விலை எப்போதும் மலிவல்ல

"அரசு எப்போதும் விலை குறைந்ததைத்தானே வாங்கும்?" என்று கேட்கலாம். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்காக 1998இல் தமிழ்நாடு ஒரு சட்டமே இயற்றியது. வேண்டியவருக்கு வேண்டிய விலைக்குக் கொடுப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் என்ன தரம் வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எழுதாத தகுதியைப் பிறகு கேட்க முடியாது. "மறுசுழற்சிக் காகிதம்", "ஐந்து நட்சத்திர மின்விசிறி" என்று முதலிலேயே எழுதினால், அந்தத் தரத்துக்குள் குறைந்த விலை யார் தருகிறார்களோ அவரிடம் வாங்கலாம். சட்டமும் காக்கப்படும், இயற்கையும் காக்கப்படும்.

வீட்டுக் கணக்காகவே பார்ப்போம். பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்னும் புதிய வகை சுமார் 30 வாட் இழுக்கும். ஓர் அலுவலகத்தில் ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறிக்கு மிச்சம் 90 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 720 ரூபாய். புதிய விசிறிக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் சுமார் இரண்டே ஆண்டில் அந்தப் பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஓடும் ஆண்டுகளெல்லாம் லாபம். வாங்கும் விலையோடு ஓட்டும் செலவையும் சேர்த்துப் பார்ப்பது இதுதான்.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளும், அறிவிக்கப்பட்ட மின்சாதனங்களைத் துறைகள் வாங்கும்போது குறிப்பிட்ட நட்சத்திரத் தரம் இருக்க வேண்டும் என்கின்றன. 2006இல் தொடங்கிய நட்சத்திர முத்திரைதான் அது; நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டியிருக்கும். இன்னொரு முத்திரையும் உண்டு. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்காக 1991இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈகோமார்க். அதன் சின்னம் மண்பானை. மண்ணிலிருந்து வந்து மண்ணுக்கே திரும்பும் பொருள் என்று அதற்கு விளக்கம். நம்மில் எத்தனை பேர் கடையில் அந்தப் பானையைப் பார்த்திருப்போம்? கேட்பவர் இல்லாததால் அது பரவவில்லை. 2024இல் அதற்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன.

கூட்டங்களும் குடிநீர்ப் பாட்டில்களும்

சிக்கிம் அரசு 2016இல் தனது அரசுக் கூட்டங்களிலும் விழாக்களிலும் பாட்டில் குடிநீரைத் தடை செய்தது. கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போது "பசுமை நெறிமுறை" கடைப்பிடிக்கப்பட்டது. எறிந்துவிடும் தட்டு, டம்ளர் இல்லாமல் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களில் உணவு. பின்னர் அந்த நெறிமுறை அரசு அலுவலகங்களுக்கும் அங்கிருந்து கல்யாண வீடுகளுக்கும் போயிற்று.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் தொடங்கியது. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புகளும் அந்தத் தடைப் பட்டியலில் உண்டு.

இதை எழுதும்போது நமக்கே வெட்கமாக இருக்கிறது. ரமளானில் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி வழங்குகிறது. அரசு தந்த அரிசியில் காய்ச்சிய கஞ்சியை, அரசு தடை செய்த கப்பில் ஊற்றிக் கொடுத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு 200 பேர் என்று வைத்தாலும் 30 நாளில் 6,000 கப்புகள். அவை பெருநாள் முடிந்தும் வாய்க்காலில் கிடந்தன. ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளூவுக்கு அளவாகவே தண்ணீர் எடுக்கக் கற்றுத்தரப்பட்டவர்கள் நாம்.

காகிதமில்லா அலுவலகம், சிரமமில்லா மக்கள்

தமிழ்நாட்டின் முதல் காகிதமில்லா நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்ட் 13 அன்று தாக்கலானது. கோப்புகளும் கணினிக்கு மாறி வருகின்றன. நல்ல மாற்றம்தான். ஆனால் அலுவலகம் காகிதத்தைக் குறைத்துவிட்டு, நகல் செலவை மக்கள் தலையில் ஏற்றினால் அது பசுமை ஆகாது. இ-சேவை மூலம் வரும் வருமானச் சான்று, சாதிச் சான்று போன்றவற்றை அவற்றின் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே சரிபார்க்க முடியும். சரிபார்க்க முடிந்ததற்கு ஏன் நகல் மேல் நகல்? ஒரு முறை கொடுத்த ஆவணத்தை மறுபடியும் கேட்காமல் இருப்பதே மிகப் பெரிய காகித மிச்சம். ஏழைக்கு அது பண மிச்சமும் கூட.

கணினிகளுக்கும் ஆயுள் முடிவு உண்டு. அவற்றில் ஈயம் போன்ற நஞ்சுகள் இருப்பதால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடக்கூடாது. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமே சேர வேண்டும் என்பது மின்னணுக் கழிவு விதிகளின் நோக்கம்.

நாங்கள் எடுத்த முடிவுகள்

பிறருக்குச் சொல்லுமுன் நம் வாசலைக் கூட்ட வேண்டும் அல்லவா? அறக்கட்டளைக் கூட்டத்தில் பேசி நாங்கள் எடுத்த முடிவுகள் இவை:

1. கல்வி உதவி விண்ணப்பம் இனி ஒரே தாளில், இரு பக்கம். சென்ற ஆண்டு ஆவணம் தந்தவர்களிடம் மறுபடியும் நகல் கேட்க மாட்டோம்.

2. அசல் ஆவணத்தைப் பார்த்து நாங்களே பதிவேட்டில் குறித்துக்கொள்வோம். ஜெராக்ஸ் செலவு விண்ணப்பதாரருக்கு இல்லை.

3. வரும் ரமளானில் நோன்புக் கஞ்சி எவர்சில்வர் டம்ளரில். வீட்டுக்கு வாங்குவோர் தூக்குவாளி கொண்டுவர வேண்டும். கழுவ ஆள் வேண்டும். இளைஞர்கள் முன்வந்தால் நன்மையில் பங்கு உண்டு.

4. பழுதாகும் மின்விசிறிக்குப் பதிலாக வாங்குவது மின்சாரம் மிச்சம் செய்யும் வகையாகவே இருக்கும். நிக்காஹ் வீடுகளுக்கு இரவல் தரப் பாத்திரங்களும் சேர்த்து வருகிறோம்.

குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். பேரூராட்சி உறுப்பினரையோ ஊராட்சி ஒன்றிய அலுவலர்களையோ சந்திக்கும்போது சாலை, விளக்கோடு இதையும் மரியாதையாகக் கேளுங்கள்: அலுவலகத்துக்கு என்ன காகிதம் வாங்குகிறீர்கள், பழைய விளக்குகளை மாற்றிவிட்டீர்களா, கூட்டத்துக்குப் பாட்டில் தண்ணீர்தானா? எழுத்தில் பதில் வேண்டுமானால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். மனு எழுத நமது அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், இரு பக்கமும்.

அந்தத் தாயாருக்கு இரண்டு மாதம் கழித்து உதவித்தொகை ஆணை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். மீதமிருந்த நகல்களைத் திரும்பக் கொடுத்தபோது, "நீங்களே வச்சுக்கங்க தம்பி, பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு, கணக்கு எழுத ஆகும்" என்றார். பெயரும் எண்ணும் உள்ள பக்கம் வெளியே போகக்கூடாது என்பதால் அலுவலகத்திலேயே வைத்து, வரவு செலவுக் குறிப்புகளை அந்தப் பின்பக்கங்களில்தான் எழுதி வருகிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்