நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் (வேதாரண்யம் கடைமடை)

நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் என்பது ஒரே பாசனப் பரப்பில் நிலம் உடையவர்களைக் கொண்டு, தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000-இன்படி அமைக்கப்படும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பாகும். தலைவரையும் உறுப்பினர்களையும் நில உடைமையாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். இச்சங்கங்களுக்கு மேல் பகிர்மானக் குழுவும் திட்டக் குழுவும் உண்டு.

தேவை

கோடியக்கரைக்கு வடக்கேயுள்ள வேதாரண்யம், தலைஞாயிறு வட்டாரங்கள் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடைப் பகுதிகள். மேட்டூர் அணையில் திறக்கும் நீர் கல்லணையைக் கடந்து, அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு வழியாக இங்கே வந்து சேர நாட்கள் பல ஆகும். கோடையில் நன்னீர் வரத்துக் குறைந்தால் முகத்துவாரம் வழியே கடல்நீர் உள்ளே ஏறுகிறது.

உப்பேறிய வயலைத் திருத்தும் முறை உழவர்கள் அறிந்ததுதான். வரப்பை உயர்த்தி நல்ல நீரைத் தேக்கி, உப்புக் கரைந்தபின் வடித்துவிட வேண்டும். சில முறை இப்படிச் செய்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் தேறும். ஆனால் வடித்த நீர் எங்கே போகும்? வடிகால் தூர்ந்து, ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால், பக்கத்து வயலுக்குத்தான் போகும். ஒருவர் தம் நிலத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள இங்கே வழியில்லை. சங்கத்தின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

வரலாறு

ஊரார் உழைப்பைத் தந்து வாய்க்காலைப் பேணும் குடிமராமத்து பழைய வழக்கம். 1858-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் ஒன்று அதைக் கட்டாயக் கடமையாக்கியது. தானாக வந்து செய்த வேலையைச் சட்டம் போட்டு வாங்கவேண்டி வந்தபோதே அவ்வழக்கம் தளர்ந்துவிட்டது எனலாம். 2017-இல் தமிழக அரசு இதே பெயரில் தொடங்கிய திட்டத்தில், செலவில் பத்தில் ஒரு பங்கை உழவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்று வைக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1930-களின் புழுதிப்புயல்களுக்குப் பிறகு, 1937-இல் அதிபர் ரூசுவெல்ட் மாநில ஆளுநர்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். அதன்வழித் தோன்றிய மண்வளப் பாதுகாப்பு மாவட்டங்கள் இன்று ஏறத்தாழ 3,000 உள்ளன. அங்கே நில உடைமையாளர் விரும்பிக் கேட்டால் அவருடைய நிலத்துக்கென்றே தனித் திட்டம் வகுத்துத் தருவார்கள். நம் சங்கங்களின் பொறுப்பு வாய்க்காலோடு நின்றுவிடுகிறது. மண்ணுக்கு வேளாண்மைத் துறையைத்தான் நாடவேண்டும்.

பணிகளும் இடர்ப்பாடும்

முறை வைத்து நீரைப் பங்கிடுதல், கிளை வாய்க்கால்களைப் பராமரித்தல், உறுப்பினர்களிடையே எழும் தகராறுகளைத் தீர்த்தல் ஆகியவை சங்கத்தின் பணிகள். கட்டணம் வசூலிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. தண்ணீரே எட்டாத கடைமடைக்காரரிடம் எதைச் சொல்லிக் கட்டணம் கேட்பது என்பதுதான் சிக்கல்.

ஆசிய வளர்ச்சி வங்கி 2016-இல் ஒப்புதல் அளித்த கடனுதவியுடன் வெண்ணாற்று வடிநிலத்தில் சீரமைப்புப் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. அரிச்சந்திரா, அடப்பாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவை அவற்றில் அடங்கும். ஆனால் கடைமடை மதகுகளின் பலகையை எப்போது ஏற்றி இறக்குவது என்பது அன்றாடக் கேள்வி. ஐப்பசி மழையில் திறக்கத் தாமதமானால் பயிர் அழுகும். கடல் ஏறும் வேளையில் அடைக்கத் தவறினால் வயலில் உப்பு நிற்கும். அந்த நேரத்தை மதகுக்கு அருகே நிலம் வைத்திருப்பவர்களே முதலில் அறிகிறார்கள்.