நெருப்பில் போகும் உரம்

பொங்கலுக்குக் கரும்பு வாங்காத தோட்ட வீடு மலாக்காவில் உண்டோ? ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டுமுன் தீ வைத்துக் கொளுத்தும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. காய்ந்த சோகை கையைக் கிழிக்கும். உள்ளே பாம்பு பதுங்கியிருக்கும். கொளுத்தினால் சோகை எரிந்துபோகும். சாறு நிறைந்த கரும்பு நிற்கும். வெட்டுவது எளிது. ஆனால் அந்தச் சோகை வெறும் குப்பைதானா?

மண்ணிலிருந்து எடுத்த சத்தைச் செடி இலையில் சேர்த்து வைக்கிறது. இலை மக்கினால் அந்தச் சத்து மண்ணுக்கே திரும்பும். எரித்தாலோ, தழைச்சத்திலும் கந்தகத்திலும் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பல்சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் சாம்பலில் தங்கும். அதனால்தான் எரித்த இடத்தில் பயிர் முதலில் பச்சைப் பசேலென எழுகிறது. 'எரித்தால் மண் கொழுக்கும்' என்று பெரியவர்கள் நம்பியதும் இதைக் கண்டுதான். ஆனால் நம் ஊர் மழை நாலு நாள் பெய்தால் அந்தச் சாம்பல் கால்வாயில் ஓடிவிடும். பிறகு ஈரத்தைக் காக்கப் போர்வை இல்லை, மண்புழுவுக்கு இரையும் இல்லை, மண் இறுகிப்போகும்.

இதெல்லாம் கரும்புக் கதை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். அதன்பின் நாடெங்கும் தோட்டங்கள் பெருகின. பழைய மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது கொளுத்துவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. செம்பனை மறுநடவில் எரிக்காத முறையை வளர்த்த கோல்டன் ஹோப் நிறுவனம், அதற்காக 1992-இல் ஐக்கிய நாடுகளின் 'குளோபல் 500' விருதைப் பெற்றது. சாய்த்த மரத்தை இயந்திரத்தால் சில்லுகளாக்கி, வரிசையாகப் பரப்பி, மூடுபயிர்க் கொடியைப் படரவிடுவது அம்முறை. மரம் மக்கி இளங்கன்றுக்கு உரமாகும். மக்கும் மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகும் தொல்லை உண்டு. ஆதலால் சில்லுகள் சிறிதாக இருக்க வேண்டும். கொடியும் விரைவில் மூட வேண்டும். 1997-இல் பெரும் புகைமூட்டம் நாட்டை வாட்டியது. மறு ஆண்டே சட்டம் திருத்தப்பட்டுத் திறந்தவெளி எரிப்புக்குப் பொதுவாகத் தடை வந்தது.

தோட்டத்து மரத்தை என்ன செய்வதென்று நிர்வாகம் முடிவு செய்யும். நம் வீட்டுச் சருகை என்ன செய்வதென்று நாம்தானே முடிவு செய்கிறோம்? காலையில் வாசலைப் பெருக்கி, பின்புறம் குவித்துக் கொளுத்துகிறோம். அந்தப் புகையால் இருமிக்கொண்டு பள்ளிக்கு வரும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். அதே வீட்டில்தான் மிளகாய்ச் செடிக்கு உரம் வாங்கக் காசும் செலவாகிறது!

லயத்திலும் சரி, தாமான் வீட்டிலும் சரி, ஒன்று செய்து பாருங்கள். இரண்டு வாழைகளில் ஒன்றைச் சுற்றி ஒரு சாண் உயரம் சருகைப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போட வேண்டாம். மற்றதை வெறுமனே விடுங்கள். மழையில்லாத மூன்று நாள் கழித்து, இரண்டிடத்து மண்ணையும் பிள்ளையின் கையால் தொட்டுப் பார்க்கச் செய்யுங்கள். ஈரம் எங்கே இருக்கிறதென்று பிள்ளையே சொல்லட்டும்.