பழைய அரத்தில் ஒரு புதிய கூர்முனை

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

வைரத்தை வைரத்தால் அறுக்க வேண்டும் என்பர். இரும்பையும் இரும்பால்தான் அறுக்கிறோம். ஆனால் அறுக்கும் இரும்பு, அறுபடுவதைவிடக் கடினமாக இருத்தல் வேண்டும். அக்கடினம் எங்கிருந்து வருகிறது? வீட்டிலுள்ள சிறிய லேத்துக்கு வெட்டுமுனை செய்து பழகியவன் என்ற முறையில் சில சொல்ல விழைகிறேன்.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையிலுள்ள எங்கள் ஊர் கிணற்றுப் பாசனத்தை நம்பியது. கோடையில் பம்பின் பித்தளைப் புஷ் தேய்ந்தால், இரண்டு நாள் தாமதமே பயிரை வாட்டிவிடும். வேண்டிய வடிவில் டூல் கடையில் இல்லையென்றால் நாமே செய்ய வேண்டியதுதான்.

அதற்கேற்ற பொருள் தேய்ந்த அரம். அது கரி மிகுந்த எஃகு. முதலில் அதைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். மென்மையானதும் அறுத்து, ராவி, வடிவம் கொடுக்கலாம். முனைக்குக் கீழே ஆறு முதல் எட்டு டிகிரி சரிவு தேவை. இல்லையேல் முனை வெட்டாமல் உராயும். மென்னிரும்புக்கு மேற்பரப்பும் பின்னோக்கிச் சரிய வேண்டும். பித்தளைக்கோ அது சமமாக இருப்பதே நன்று; சரிந்தால் உலோகத்தைக் கவ்வி இழுத்துவிடும்.

அடுத்தது தோய்ச்சல். காந்தம் ஒட்டாத அளவுக்குச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, முனையை உடனே நீரில் அமிழ்த்த வேண்டும். இப்போது அது கண்ணாடிபோல் கடினம், அதுபோலவே நொறுங்கும். ஆகவே மெருகிட்டு மீண்டும் இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள் தோன்றும்; அதுவே பதம். நீலம் தோன்றினால் கடினம் குறைந்துவிட்டது. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் நிறம் காட்டும் ஒளிக் குறுக்கீட்டு விளைவே இங்கும் ஆக்சைடு படலத்தில் நிகழ்கிறது!

இத்தகைய முனை அதிவேகத்தில் சூடேறி மழுங்கும். சிவந்த நிலையிலும் வெட்டக்கூடிய அதிவேக எஃகை டெய்லரும் ஒயிட்டும் உருவாக்க, 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சி அதனைக் கண்டு வியந்தது. ஆயினும் மெதுவாகச் சுழற்றினால் நம் அரமுனை பித்தளையை அழகாகக் கடையும். சாணை பிடிக்கையில் கண்ணாடி அணிய மறவாதீர். தெறிக்கும் பொறி கண்ணைப் பறித்துவிடும்.

தென்னாட்டு உருக்கின் புகழ் கடல் கடந்தது. மைக்கேல் பாரடே 1819-இல் அதனைப் பகுத்தாய்ந்தார். நம் கொல்லர்கள் நிறம் பார்த்துச் சொன்ன பதத்திற்கு, நம் பாடநூல் காரணம் சொல்கிறது. இரண்டையும் அறிந்தவன் கையில்தான் கருவி நிலைக்கும்.