புலப்படா விமானமும் பொருட்கணக்கும்

மாத்தளை மாவட்டத்திலே, சீகிரியாக் குன்றை அடுத்து ஒரு விமானத்தளம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பிரித்தானிய வான்படையினர் அமைத்த தளம் அது. 1943ஆம், 1944ஆம் ஆண்டுகளில் அப்படையின் 160ஆம் அணி, 'லிபரேற்றர்' என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை அங்கிருந்து செலுத்தியது. அவ்வகை விமானங்கள் 18,000க்கு மேல் செய்யப்பட்டன. ஒன்றின் விலை அக்கால மதிப்பிற் சுமார் 3 இலட்சம் டாலர். அமெரிக்கா அவற்றைத் தன் நட்பு நாடுகளுக்குத் தாராளமாக வழங்கியது. போர் முடிந்தபின் கான்பூரிற் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றைச் செப்பனிட்டெடுத்த இந்திய விமானப்படை, 1968ஆம் ஆண்டுவரை அவற்றைப் பயன்படுத்தியது.

இன்று அமெரிக்கா செய்துவரும் பி-21 என்னும் புதிய குண்டுவீச்சு விமானமோ நூறு என்னும் அளவிலேயே திட்டமிடப்பட்டுள்ளது. ஒன்றின் விலை 60 கோடி டாலருக்கு மேற்பட்டது. நட்பு நாடு எதற்கும் விற்கப்படாதது. இவ்வேற்றுமை பணத்தின் மதிப்புக் குறைந்தமையால் மட்டும் நேர்ந்ததன்று. விலை, தொகை, ஏற்றுமதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றிநிற்கும் முறையை ஆராயின் காரணம் விளங்கும்.

முதற்கண் இவ்விமானத்தின் இயல்பை நோக்குவோம். றேடார்க் கருவி மின்காந்த அலைகளைச் செலுத்தி, விமானத்திற் பட்டுத் திரும்பும் அலைகளைக்கொண்டு அதன் இடத்தை அறிகின்றது. திரும்பும் அலை மிகக் குறைந்தால் விமானம் புலப்படாது. அன்றி, மிக அணுகிய பின்னரே புலப்படும். இதன் பொருட்டு, அலைகள் வேறு திசைகளிற் சிதறுமாறு விமானத்தின் வடிவம் வகுக்கப்படுகின்றது. மேற்பரப்பில் அலைகளை உறிஞ்சும் பொருள்கள் இடப்படுகின்றன. எந்திரங்களும் குண்டுகளும் உடலினுள்ளே அடக்கப்படுகின்றன. இவற்றையெல்லாம் ஆராய்ந்து அமைப்பதற்குப் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் வேண்டும்.

இங்குதான் கணக்குத் தொடங்குகின்றது. கல்லூரி மலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கம் அமைத்தல் முதலியவற்றுக்கு 60,000 ரூபாவும், பின்னர்ப் படியொன்றை அச்சிட 200 ரூபாவும் ஆகுமெனக் கொள்க. 600 படிகள் அச்சிட்டால் ஒன்றின் அடக்கவிலை 300 ரூபா. 100 படிகளே அச்சிட்டால் 800 ரூபா. மலர் ஒன்றே, தொகை குறைந்தமையே விலையை ஏற்றியது. விமானத்துக்கும் இவ்விதியே பொருந்தும். ஆராய்ச்சிச் செலவு ஒன்று செய்யினும் நூறு செய்யினும் பெரிதும் மாறாதது.

இதற்குச் சிறந்த சான்று பி-2 என்னும் விமானம். 1989ஆம் ஆண்டு முதன்முதற் பறந்த அதனை 132 செய்யக் கருதியிருந்தனர். சோவியத்து ஒன்றியம் கலைந்தபின், 1992ஆம் ஆண்டில் அத்தொகை 20 ஆகக் குறைக்கப்பட்டது. சோதனை விமானம் ஒன்றும் பின்னர்ச் சேர்க்கப்பட, முடிவில் 21 ஆயிற்று. ஆராய்ச்சிச் செலவனைத்தும் இச்சிறுதொகையின் மேல் விழுந்தமையால், ஒவ்வொன்றின் செலவும் 210 கோடி டாலரளவுக்கு உயர்ந்தது. 2008ஆம் ஆண்டிற் குவாம் தீவில் ஒன்று வீழ்ந்து அழிந்தது. இலிபரேற்றர் ஒன்று வீழ்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கும் குறையாது. பி-2 ஒன்று வீழ்ந்தால் இருபதில் ஒரு பங்கு போயிற்று என்க.

இவ்வநுபவத்தின் பின்னரே பி-21 திட்டம் வகுக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் நோத்றொப் கிறமன் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 2023 நவம்பரில் முதல் விமானம் பறந்தது. ஒன்றின் சராசரி விலை 2010ஆம் ஆண்டு மதிப்பில் 55 கோடி டாலரைத் தாண்டலாகாது என எல்லை விதித்தனர். 2022ஆம் ஆண்டு மதிப்பில் அது ஏறத்தாழ 69 கோடி டாலராகும். ஆராய்ச்சிச் செலவு இதில் அடங்காது. குறைந்தது 100 செய்யப்படும் என்னும் எண்ணமே இவ்விலைக்கு அடிப்படை. அவ்வாறிருந்தும், இத்திட்டத்தில் ஏறத்தாழ 156 கோடி டாலர் இழப்பு நேருமென 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நிறுவனம் கணக்கில் எழுதியது.

அங்ஙனமாயின், பிற நாடுகளுக்கு விற்றுத் தொகையைப் பெருக்கலாகாதோ எனின், எளிதன்று. இவ்விமானத்தின் மறைபொருள் அதன் வடிவத்திலும் மேற்பூச்சிலுமே உள்ளது. விமானத்தைக் கொடுத்து மறையைக் காத்தல் அரிது. எப்-22 என்னும் போர்விமானத்தை விற்றலாகாதென 1997ஆம் ஆண்டில் அமெரிக்கா சட்டஞ்செய்தது. படைக்கு 187 விமானங்கள் கிடைத்த அளவில் உற்பத்தி நின்றது. பி-21 குறித்து அவுஸ்திரேலியா ஆராய்ந்ததாயினும், தனக்கு அது பொருத்தமன்றென 2023ஆம் ஆண்டின் பாதுகாப்பு மீளாய்வில் முடிவுசெய்தது. இதற்கு மாறாக எப்-35 தொடக்கத்திலேயே எட்டுப் பங்காளி நாடுகளுடன் திட்டமிடப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவை வழங்கப்பட்டுள்ளன. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அதன் ஒரு வகையின் விலை 8 கோடி டாலருக்குக் கீழிறங்கியது. மறை மிகுந்தால் வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறைந்தால் விலை மிகும்.

இக்கணக்கு எமது அயலையும் தொடுவது. இரசியாவுடன் கூடிப் புலப்படாப் போர்விமானம் செய்யும் முயற்சியினின்று 2018ஆம் ஆண்டில் விலகிய இந்தியா, தானே ஒன்றை வடிவமைக்க 2024 மார்ச்சில் ஏறத்தாழ 15,000 கோடி இந்திய ரூபாவுக்கு ஒப்புதல் வழங்கியது. அதன் அடக்கவிலையையும் எத்தனை செய்யப்படும் என்பதே பெரிதும் தீர்மானிக்கும்.

இலங்கையோ இவற்றைச் செய்யும் நாடுமன்று, வாங்கும் நாடுமன்று. எனினும் அளவுகோல் ஒன்று எம்மிடம் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்பின், 2023 மார்ச்சிற் சர்வதேச நாணய நிதியம் எமக்கு நான்காண்டுத் தவணையில் ஒப்புக்கொண்ட கடன் ஏறத்தாழ 300 கோடி டாலர். முழுநாட்டையும் தாங்க வந்த அத்தொகை இரண்டு பி-2 விமானங்களின் செலவுக்கும் போதாது. ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலையில் முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களிற் பாடசாலை கட்டலாம் என 1953ஆம் ஆண்டிலேயே அமெரிக்கச் சனாதிபதி ஐசனோவர் எடுத்துரைத்தார். படைநடத்தி வென்ற தளபதியின் கூற்றாதலின் அதனைப் போரறியார் பேச்சென்று தள்ளுதல் இயலாது.

வருவாய் சிறிதாயினும் செலவு அதனின் விரியாதாயிற் கேடில்லை என்பது வள்ளுவர் கருத்து. வல்லரசுகளே இவ்வெல்லையைக் காக்க இடர்ப்படுகின்றன. ஆதலின், எந்நாடாயினும் படைக்கலம் வாங்கும் செய்தியைக் கேட்கும் மாணவர், அதன் ஆற்றலை வியந்தமையாது, எத்தனை, என்ன விலை, அவ்விலையில் எவை அடங்கின, எவை விடுபட்டன என்று வினாவுதல் வேண்டும். வரிசெலுத்தும் குடிமக்களாக வளரவிருப்போர்க்கு அவ்வினா உரியதே.