மாத்திரை வாசலுக்கு வந்தால் மட்டும் போதுமா?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு உடனே கொடுப்பதற்காக, தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கிடைத்துவந்த முதல் சிகிச்சை, இப்போது ஊரிலேயே கிடைக்கிறது.

ஆனால் இதயக் குழாயில் விழுந்த அடைப்பை அந்த மாத்திரைகள் திறந்துவிடாது. ரத்தம் மேலும் உறையாமல் தடுப்பதுதான் அவற்றில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டின் வேலை. அடைப்பைத் திறக்கும் சிகிச்சை பெரிய மருத்துவமனையில்தான் நடக்கும். “வலி விட்டிருச்சு, காலையில பாத்துக்கலாம்” என்று வீட்டுக்குத் திரும்புவது உயிரோடு விளையாடுவது. மாத்திரையை விழுங்கிய கையோடு 108 ஆம்புலன்ஸில் ஏறிவிட வேண்டும். நெஞ்சுவலிக்கு நாமாகவே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரி வைத்தியம் ஊருக்கு வருவது நல்ல காரியம். அதில் எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்பது தெரிந்திருந்தால்தான் அது முழுமையாகப் பயன்படும்.

என்ன வந்திருக்கிறது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சை, பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகள் என்று இன்னும் சில சேவைகளும் உண்டு. 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய் மாத்திரைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆபத்து எங்கே?

மாத்திரை தவறாமல் வந்துவிடுவதால், டாக்டரைப் பார்ப்பதே நின்றுபோகிறது. பழைய சீட்டு, அதே மாத்திரை என்று வருடங்கள் ஓடுகின்றன. சர்க்கரை நோய் வலிக்காமல் வேலை செய்யும். கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடுவது வெளியே தெரியாது. அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது விழித்திரைப் பரிசோதனை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற சோதனை, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் ஆகிய நான்கையும் பார்த்தாக வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை அந்த நேரத்துக் கணக்குதான். மூன்று மாதச் சராசரியை ‘எச்பிஏ1சி’ சோதனை சொல்லும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிரஷர் பார்ப்பதிலும் கவனம் தேவை. களத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தவரை வாசலில் நிறுத்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வேண்டும். கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, வாய் பேசாமல் இருக்கும்போது எடுப்பதுதான் சரியான அளவு. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினாலும் கூடுதலாகவே காட்டும்.

இன்னொன்று லோ சுகர். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பிறகு சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

உங்கள் உரிமை

1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட வேளாண் தொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருவரை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே வசதி இல்லை. கொல்கத்தாவில் அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லை என்று கைவிரித்தன. கடைசியில் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் பிழைத்தார். இது தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. அவசர நோயாளியின் நிலையைச் சீராக்கும் அளவுக்காவது ஆரம்ப சுகாதார நிலையங்களில் வசதி வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே “இங்க வசதி இல்ல” என்ற ஒரு வார்த்தையோடு கதவடைக்க முடியாது. முதலுதவி, பரிந்துரைச் சீட்டு, ஆம்புலன்ஸ் மூன்றையும் கேட்கலாம்.

மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள்.

குறை என்றால் எங்கே போவது?

மாத்திரை வரவில்லை, பரிசோதனை செய்யவில்லை என்றால் முதலில் வட்டார மருத்துவ அலுவலர். அடுத்து மாவட்ட சுகாதார அலுவலர். தொலைபேசியில் மருத்துவ உதவி எண் 104, முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அசைவில்லை என்றால், மனு என்ன ஆனது என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

நுகர்வோர் நீதிமன்றம் எல்லா வழக்கையும் எடுத்துக்கொள்ளாது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் நிலையங்கள் அதன் வரம்புக்குள் வராது என்பது 1995-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சிலரிடமாவது கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால், அங்கே இலவசமாகச் சிகிச்சை பெற்றவரும் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். மற்றபடி சிவில் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இருக்கின்றன. வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி கிடைக்கும்.

எந்த மனுவுக்கும் பலம் சேர்ப்பது எழுத்துதான். ஒரு நோட்டுப் போட்டு, தேதி, பிரஷர், சர்க்கரை, மாத்திரையின் பெயர், அடுத்த பரிசோதனை நாள் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். டாக்டர் முன்னால் அது உங்கள் நோயின் கணக்கு. அதிகாரி முன்னால் அதுவே சாட்சி.