சான்ட்ரோவுக்கு இருபது வயது

2025ஆம் ஆண்டு தசராவுக்குக் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். சயாஜிராவ் ரோட்டில் ஜம்பு சவாரி பார்த்துவிட்டு, தேவராஜ மொஹல்லாவில் எங்கள் சந்துக்குள் நுழையும்போது, வீட்டு வாசலில் நின்ற காரைப் பார்த்து, "ஏனுங்க மச்சான், இதை இன்னுமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கேட்டது அவர் ஒருவர் மட்டுமல்ல. இரண்டு மாதங்களாக வீட்டிலும் வெளியிலும் இதே கேள்விதான். நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு பழைய வண்டி நிற்கும் என்பதால், நான் கணக்குப் போட்ட விதத்தை எழுதுகிறேன்.

வண்டி 2005 நவம்பரில் பதிவான ஹூண்டாய் சான்ட்ரோ. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பிறந்து மைசூரில் குடியேறியது. அந்த வகையில் அதுவும் எங்களைப் போலத்தான். இருபது ஆண்டுகளில் அது என்னை நடுவழியில் நிறுத்தியது இரண்டே முறை. இரண்டும் பேட்டரித் தகராறு.

மைத்துனர் இருந்தபோதே எங்கள் மெக்கானிக் பாய் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். "எஞ்சின் சின்ன, சார்!" என்றார். மைத்துனர் என்னைத் தனியே அழைத்து, "பாருங்க மச்சான், அவரே எஞ்சின் சின்னதுன்னு சொல்றாரு, பெரிய வண்டியா வாங்கிருங்க" என்றார். கன்னடத்தில் 'சின்ன' என்றால் தங்கம் என்பதை விளக்க எனக்குச் சற்று நேரமாயிற்று.

முதலில் ஒரு வதந்தியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்தால் காரை அரசாங்கம் பிடுங்கி உடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டில்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் ஓட்டக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும், அதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் உண்மை. 2023 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டோடு பதிவு முடிகிறது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் இந்த வதந்தி கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் கர்நாடகத்தில் நம் சொந்தக் காருக்கு இப்படி எதுவும் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, படிவம் 25 கொடுத்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். முடியும் தேதிக்கு அறுபது நாளுக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. தேதி கடந்த பிறகு ஓடினால் அபராதம்.

கட்டணம்தான் ஏறிக்கொண்டே போகிறது. 2020இல் எங்கள் வண்டி முதல்முறை புதுப்பிக்கப்பட்டபோது காருக்கு 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி இருபது ஆண்டு கடந்த காருக்கு 10,000. பழைய வண்டிக்காரர்கள் தாமாகவே விட்டுவிட வேண்டும் என்பதே நோக்கம் என்று தோன்றுகிறது. எங்கள் வண்டிக்கு நவம்பரில் இருபது முடிவதால், அந்தப் பத்தாயிரத்தைக் கட்டுவதா, அதைப் புதுக் காருக்கு முன்பணமாக வைப்பதா என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது. இதற்கிடையே செப்டம்பர் 22ஆம் தேதி, தசரா தொடங்கிய அன்றே, சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆசை காட்ட வேறென்ன வேண்டும்!

நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஐந்து ஆண்டுகளில் கிளட்ச், ரேடியேட்டர், நான்கு டயர், இரண்டு பேட்டரி, டைமிங் பெல்ட், சில்லறை வேலைகள் எல்லாமாக 1,12,000 ரூபாய். ஆண்டுக்கு 22,400. ஒரே நாளில் பதினெட்டாயிரம் எண்ணிக் கொடுக்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது. நாம் தவறுவது அங்கேதான். பழுதுச் செலவு கையிலிருந்து போவதால் கண்ணுக்குத் தெரிகிறது. புதுக் காரின் மதிப்பு வீட்டு வாசலில் நின்றபடியே கரைவது தெரிவதில்லை.

எவ்வளவு கரைகிறது என்பதற்கு இன்ஷூரன்ஸ்காரர்களின் அட்டவணையே போதும். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டு முடிவதற்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, பிறகு 30, 40, ஐந்தாம் ஆண்டில் 50 என்று கழிக்கிறார்கள். ஆறு லட்ச ரூபாய்க் கார் ஐந்து ஆண்டில் மூன்று லட்சம் இழக்கிறது. அதாவது ஆண்டுக்கு 60,000. இதோடு கர்நாடகத்தில் ஆயுள் வரி வேறு. நாட்டிலேயே அதிகமாக வாங்கும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. முழு இன்ஷூரன்ஸ் தனி. பழைய வண்டிக்கு நான் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் கட்டுகிறேன், 1000 சி.சி.க்கு மேல் 1500க்குள் என்ற வகையில் 2022இல் வைத்த கட்டணம் 3,416 ரூபாய்.

(வரிக்குப் பயந்து தமிழ்நாட்டில் மாமனார் பெயரில் வாங்கி இங்கே ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். தெரிந்த ஒருவர் இதில் பட்ட பாடு போதும்.)

"புதுசு மைலேஜ் கொடுக்குமே" என்பது மைத்துனரின் வாதம். கொடுக்கும். சான்ட்ரோ எனக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடுகிறது. புதியது 18 ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் ஆண்டுக்கு ஓடுவது 4,000 கிலோமீட்டர். மிச்சமாவது 111 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஏறக்குறைய 11,000. அறுபதாயிரத்தை இழந்து பதினோராயிரத்தைச் சேமிப்பதில் என்ன பயன்? ஆனால் தினம் நஞ்சன்கூடு போய்வந்து, ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இதே கணக்கில் 55,000 ரூபாய் மிச்சம். அவர் புதிய வண்டி வாங்குவதுதான் சரி. ஆகவே என் முடிவை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்; கிலோமீட்டரைப் போட்டுப் பார்க்கட்டும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா? அதற்கென அமைக்கப்படாத கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே கணித்திருந்தது. பழைய ரப்பர் குழாய்களுக்கும் எத்தனால் ஆகாது. பாய் சொன்னபடி பெட்ரோல் குழாய்களை மட்டும் மாற்றிவிட்டேன்; பெரிய செலவில்லை.

எஞ்சினைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது துரு. கிளட்ச், ரேடியேட்டர், ஏன் எஞ்சினைக்கூட மாற்றலாம். உடல் இரும்பு அரித்துப்போனால் மாற்ற வழியில்லை. தரை விரிப்பைத் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடத்தையும், கதவுக்குக் கீழே ஓடும் பட்டையையும், முன் ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடத்தையும் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்றால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று சத்தம் வந்தாலோ, பொடி உதிர்ந்தாலோ, அன்றே அந்த வண்டிக்கு விடை கொடுக்கலாம். பெசன்ட் நகரில் என் தங்கை வீட்டில் இருந்த அதே வயதுக் கார் கடற்காற்றில் இப்படித்தான் போயிற்று. மைசூர்க் காற்றில் உப்பில்லை. எங்கள் வண்டி 'டங்' என்றது.

இன்னொரு காரணம், வெளியூர் அன்பர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்கள் சந்து. சான்ட்ரோவின் அகலம் 1,525 மில்லிமீட்டர். இன்றைய சிறிய கார்களே பல 1,600ஐத் தாண்டுகின்றன. எதிர்வீட்டுத் திண்ணைக்கும் எங்கள் படிக்கும் நடுவே அளந்து பார்த்தால், வாங்கலாம், ஆனால் கதவைத் திறந்து இறங்க முடியாது.

இதுவரை எல்லாம் பழைய வண்டியின் பக்கமே இருந்தது. மறுபக்கத்தை மறைத்தால் நேர்மையாகாது.

2024 கோடையில் சாமராஜநகர் வழியாகக் கோபிக்குப் போனோம். திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதி இறங்கியிருப்போம், பிரேக் பெடல் பஞ்சு போல உள்ளே போயிற்று. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைப் பிடித்து, ஒரு வளைவின் ஓரத்தில் எப்படியோ நிறுத்தினேன். பின்சீட்டில் மனைவியும் மகளும் பேரனும். குழந்தைக்கு மூன்று வயது. யாரும் பேசவில்லை. முக்கால் மணி நேரம் சக்கரங்கள் ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம்.

குற்றம் வண்டியுடையது அல்ல, என்னுடையது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் அந்த நீர் கொதித்து ஆவியாகிறது. ஆவி அழுத்தினால் சுருங்கும்; அதனால் மிதி பிரேக்குக்குப் போய்ச் சேருவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஆயிலை நான் ஆறு ஆண்டாக மாற்றவில்லை. மலையில் இரண்டாம் கியரில் இறங்க வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். அவசரத்தில் மூன்றாவதில் வந்தேன்.

மாற்றியாயிற்று. ஆனால் பெங்களூரில் இருக்கும் மகள் அன்று சொல்லாததைப் பிறகு போனில் சொன்னாள்: "அப்பா, நீங்க ஆயில் மாத்திடுவீங்க. ஏர்பேக் எங்கிருந்து மாட்டுவீங்க?"

பதில் இல்லை. எங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019இல், முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் அதற்கும் பிறகு. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் அடிப்படை ரகங்களை மோதவிட்டுப் பார்த்தபோது ஒன்றுக்குக்கூட ஒரு நட்சத்திரம் கிடைக்கவில்லை. எங்கள் வண்டி அவற்றுக்கும் முந்திய தலைமுறை. எந்த மெக்கானிக்கும் இதைப் பொருத்தித் தர முடியாது. தேவராஜ மார்க்கெட்டுக்கும் கே.ஆர். ஆஸ்பத்திரிக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இது பெரிய விஷயமில்லை. 2023 மார்ச்சில் திறந்த பெங்களூர் பத்துவழிச் சாலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வண்டிகளுக்கு நடுவே, அதுதான் விஷயம்.

ஆக, ஒரு காரைப் பற்றிய கேள்வி என்று நினைத்தது, எந்தச் சாலையில் யாரை ஏற்றிச் செல்கிறோம் என்ற கேள்வியாக மாறிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் புதிதாக ஒரு வரி எழுதிப் பார்த்தேன். பெங்களூருக்கும் கோபிக்கும் ஆண்டில் ஆறு பயணம். பெங்களூருக்கு ரயில் இருக்கிறது. கோபிக்குச் சத்தியமங்கலம் வரை பஸ், குழந்தை வந்தால் ஏர்பேக் உள்ள வாடகைக் கார். எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு முப்பதாயிரத்தைத் தாண்டவில்லை. பழுதுச் செலவையும் கூட்டினாலும், புதுக் கார் தேய்வதைவிடக் குறைவுதான்.

மனைவிக்கு முதலில் சம்மதமில்லை. "சொந்தக் கார் இருக்கும்போது பஸ்ஸிலா?" என்றாள். திம்பத்து முக்கால் மணி நேரத்தை நினைவூட்டினேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் முதல் வாரம் வண்டியைக் கழுவி, புகைச் சான்றிதழ் எடுத்து, பத்தாயிரம் கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டினேன். இன்ஸ்பெக்டர் சேசிஸ் எண்ணைச் சரிபார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார். 2030 வரை பதிவு கிடைத்தது. சாவிக்கொத்தில் மகள் ஒரு சிறிய அட்டையைக் கட்டியிருக்கிறாள். அதில் எழுதியிருப்பது: 'ரிங் ரோட்டுக்கு உள்ளே மட்டும்.'