ஐந்து வாட்டும் ஒரு மலையும்

ஜோலார்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகும் ரயில் மொரப்பூரைக் கடந்து பொம்மிடியை அணுகும்போது, தெற்கே சேர்வராயன் மலைத்தொடரும் கிழக்கே சித்தேரி மலைகளும் ஓங்கி நிற்பதைப் பிரயாணிகள் காணலாம். இவற்றுக்கு நடுவேயுள்ள சமவெளியில் பயிர் செய்யும் குடியானவருக்குச் சேர்வராயன் மலை, வாணியாற்றைப் பெற்றுத் தந்த உபகாரி. ஆனால் சிறியதொரு ரேடியோப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, முகமறியாத மனிதர்களுடன் ஆகாய மார்க்கமாகப் பேச விரும்பும் ‘ஹாம்’ என்கிற அமெச்சூர் ரேடியோக்காரருக்கோ, அடிவாரத்தில் நிற்கும்வரை அதே மலை பெருந்தடை. உச்சிக்கு ஏறிவிட்டால் அதுவே பெருந்துணை.

இதன் காரணம் பூமியின் உருண்டை வடிவத்தில் இருக்கிறது. நம் நாட்டு ஹாம்கள் கைக்கருவியில் பேசுவதற்குப் பெரிதும் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள், ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் செல்லும் இயல்புடையவை. ஆகவே குறுக்கே மலை வந்தால் பெரும்பாலும் தடைப்பட்டுப் போகும், தரை வளைந்து தாழ்ந்தால் அதற்கு மேலாக வெளியேறிவிடும். ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரமுள்ள சிகரத்தில் நிற்பவருக்குக் கண்ணின் தொடுவானம் சுமார் 143 கிலோமீட்டர். காற்று மண்டலம் ரேடியோ அலையைச் சிறிது கீழ்நோக்கி வளைப்பதால், ரேடியோவின் தொடுவானம் சுமார் 165 கிலோமீட்டர். தரையில் நிற்பவருக்கோ அது ஐந்தாறு கிலோமீட்டரைத் தாண்டாது. கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் பண்பலையைத் தென் மாவட்டத்து ஜனங்கள் தத்தம் ஊரிலிருந்தே கேட்டு மகிழ்வதற்கும் இந்த உயரமே மூலகாரணம். குன்றின் மேலிட்ட விளக்கு என்று நம் முன்னோர் சொன்னது ரேடியோ அலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

நீளம் கூடிய அலைகளின் கதை வேறு. 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸ் வரிசையிலுள்ள சிற்றலைகள், பூமிக்கு மேலே சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய கிரணங்களால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் தரைக்குத் திரும்புகின்றன. ஒரே தாவலில் 3,000 கிலோமீட்டருக்கு மேலும் கடக்க வல்லவை. அத்தனை உயரத்துக்கு முன்னே நம் மலையின் ஒன்றரைக் கிலோமீட்டர் ஒரு பொருட்டா என்று வாசகர் கேட்கலாம். ஆயினும் மலை இங்கே வேறு இரு வகைகளில் உதவுகிறது. சரிவான நிலமும் திறந்த வெளியும் அலையை அடிவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் புறப்படச் செய்வதால் தாவலின் தூரம் கூடுகிறது. அன்றியும், பம்புசெட்டு மோட்டாரும் எல்.இ.டி. விளக்கும் மின்கம்பியும் எழுப்பும் இரைச்சல் அங்கே இல்லாமையால், ஊருக்குள் காதில் விழாத க்ஷீணமான குரல்கூட உச்சியில் தெளிவாகக் கேட்கிறது.

மலையேறுபவர் சுமந்து செல்வதும் அதிகமில்லை: ஐந்து வாட் சக்தியுள்ள பெட்டி, லித்தியம் பேட்டரி, மடக்குக் கம்பம், 14 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் பத்து மீட்டர் நீளமுள்ள இருகைக் கம்பி ஆன்டெனா. நூறு வாட்டுக்குப் பதில் ஐந்து வாட் என்றால் சக்தி இருபதில் ஒரு பங்காகக் குறைகிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. கேட்பவரது ரேடியோவில் அலையின் வலிமையைக் காட்டும் ‘எஸ்’ அளவுகோலில் அது ஏறக்குறைய இரண்டே படிகளின் தாழ்வு. பேச்சைக் கைவிட்டு மோர்ஸ் தந்திக் குறியை நாடினால் அந்தத் தாழ்வையும் பெரும்பாலும் ஈடுசெய்துவிடலாம்.

இதையே ஒரு விளையாட்டாக வகுத்து, 2002 மார்ச் 2-ல் பிரிட்டனில் ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். உச்சியை இறுதியில் மோட்டார் வாகனமின்றி அடைய வேண்டும், ஜெனரேட்டர் கூடாது, புள்ளி பெறுவதற்குக் குறைந்தது நான்கு நிலையங்களுடன் தொடர்புகொள்ள வேண்டும் என்பன அதன் விதிகள்.

இந்த வேடிக்கையை வீண்பொழுது என்று நினைப்பவர் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும். 1912-ல் அமெரிக்கச் சட்டம், 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைகளையெல்லாம் மற்றவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, தூரத்துக்குப் பயன்படாது என்று கருதப்பட்ட சிற்றலைகளை அமெச்சூர்களின் பங்காக விட்டது. 1923 நவம்பரில், பிரான்சின் லியோன் தெலாயும் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெலும் அவ்வாறு ஒதுக்கப்பட்ட அலையில், 110 மீட்டருக்கு அருகில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலிருந்தும் ஒருவரோடொருவர் உரையாடிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 31-ல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது; அதுவும் ஆர்வலர்களின் முயற்சியே.

இப்பழக்கத்தின் உண்மையான பிரயோஜனம் ஆபத்துக் காலத்தில் விளங்குகிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் ஹாம், தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேரில் முகாமிட்டு, உலகத்தாருடன் பேசிக்கொண்டிருந்தார். 26-ம் தேதி சுனாமி தாக்கி மற்றத் தொடர்புகள் அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த அதே கருவிகள் தீவுகளின் செய்தியை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றன. மின்சாரமும் செல்போன் கோபுரமும் இல்லாத இடத்தில் கம்பி கட்டி, பேட்டரியைச் சிக்கனமாகச் செலவிட்டு, செய்தியைச் சுருங்கச் சொல்லிக் கடத்துகிற பயிற்சியை மலையுச்சியைவிட நன்றாகக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் வேறில்லை.

எச்சரிக்கையும் அவசியம். சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் இடிமேகம் திரளக்கூடிய பிரதேசம் இது. மொட்டைப் பாறையின்மேல் நட்ட கம்பம் மின்னலுக்கு அழைப்பாகுமாதலால், முதல் உறுமல் கேட்கும் முன்பே கம்பியைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். காப்புக்காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையலாகாது. மத்திய அரசின் உரிமமின்றி ஒலிபரப்புவதும் குற்றம்.

அந்த உரிமத்துக்கான தேர்வை 12 வயது நிறைந்தவர் எழுதலாம். ரேடியோவின் அடிப்படைகளும் விதிமுறைகளுமே அதன் பாடம். பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்துப் பள்ளிகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர்கள், ஆளுக்கு நான்கு மாணவர்களையாவது அத்தேர்வுக்குத் தயார் செய்வார்களாக. மலை பக்கத்திலேயே இருக்கிறது, கம்பிக்கு ஆகும் செலவும் சொற்பம்.